கொசுறாக வந்த ஒன்பதாவது சிப்

என் கணவருக்குக் காய்கறிக் கடையிலிருந்து கொசுறு வாங்காமல் வரத் தெரியாது. கத்தரிக்காய் பையில் விழுந்து, காசும் கொடுத்த பிறகு அங்கேயே நிற்பார். ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ இரண்டு பச்சை மிளகாயோ கைக்கு வந்தால்தான் அவருக்கு அந்த வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி வந்ததை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவார், இல்லாவிட்டால் கோயிலில் வைத்துவிடுவார். “அது நமக்குன்னு வந்தது இல்லையே” என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்க அவரை அனுப்பியபோதுதான் இந்தக் குணம் என் தலையில் வந்து விடிந்தது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். எண்பதுகள் முடியப்போகிற சமயம். அவருக்கு ஒரு பேங்கில் கிளார்க் வேலை. நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். என் கணவரின் அண்ணாவுக்குத் தென்னூரில் ஒரு மாடி அறை சும்மா கிடந்தது. அதை வாடகை வாங்காமல் எனக்குக் கொடுத்தார். ஒரு கம்பெனி தன் திருச்சி ஆபீசை மூடியபோது தள்ளிவிட்ட பழைய பி.சி. ஒன்றை வாங்கி அந்த அறையில் வைத்து, பெண்களுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்குக் கம்ப்யூட்டரே புதுசு, ஆனால் எங்களுக்கு வாய்த்தது அதற்குள் கிழடாகியிருந்தது.

முதலில் நாலைந்து பெண்கள் வந்தார்கள். பிறகு ஏ.சி. போட்ட அறையும் கலர் திரையுமாகப் புது சென்டர்கள் திறந்தன. என் அறையில் இருந்தது ஒரு மின்விசிறி, அதுவும் முனகும். பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு டுடோரியல்காரர் அண்ணாவிடம் அறையை வாடகைக்குக் கேட்டார். அண்ணா கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. மெஷினுக்கு உருப்படியா ஒரு வேலை கெடைச்சா இருக்கட்டும். இல்லேன்னா மெஷினை வித்துட்டு ரூமைக் காலி பண்ணிடு” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்த ஒரே இடம் அந்த அறை. ஸ்ரீரங்கத்தில் நான் இன்னார் மருமகள், இன்னார் பெண்டாட்டி. தென்னூர் மாடிப்படி ஏறிவிட்டால் நான் கம்ப்யூட்டர் மேடம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அந்த வாரமே வேலை ஒன்று என்னைத் தேடிக்கொண்டு வந்தது. டவுனில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் ஆபீஸ் பொறுப்பில் இருந்த சிஸ்டர், மாணவிகளின் மார்க்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி லிஸ்ட் எடுத்துத்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர்களுடைய சபையின் சென்னை ஆபீசில் அதற்கென்றே எழுதி வாங்கிய புரோகிராமைப் பிளாப்பியில் கொண்டுவந்தார். நான் அதைப் போட்டேன். என் மெஷின் சிறிது நேரம் கரகரத்துவிட்டு, இந்தப் புரோகிராமுக்கு என்னிடம் மெமரி போதாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றது.

“மெமரின்னா என்னங்க?” என்று சிஸ்டர் கேட்டார்.

“மேஜை மாதிரி சிஸ்டர். உங்க புரோகிராமை விரிச்சு வெச்சு வேலை பார்க்கப் பெரிய மேஜை வேணும். இது சின்ன மேஜை.”

“பெருசு பண்ண முடியுமா?”

“முடியும்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

“அப்ப நான் அடுத்த திங்கக்கிழமை மத்தியானம் வரேன். ஓடுச்சுன்னா வேலை உங்களுக்குத்தான். இல்லேன்னா மதுரைக்கு அனுப்பிடுவோம். தப்பா நினைச்சுக்காதீங்க.”

மறுநாளிலிருந்து நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. சிங்காரத்தோப்புப் பக்கம் ரேடியோ சாமான் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் எனக்கு டேப் ரிக்கார்டர் ஹெட் எடுத்துக் காட்டினார். இன்னொருவர், “மெமரியா? அதெல்லாம் கம்பெனிக்காரங்ககிட்டதான் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு, என் பின்னால் நின்றவருக்கு பேட்டரி எடுக்கத் திரும்பிவிட்டார். கம்ப்யூட்டர் விற்கிற ஏஜென்சி ஒன்று இருந்தது. அங்கே டை கட்டிய ஒரு பையன், “மேடம், அந்த மாடலுக்குச் செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க” என்றான். நான் மெமரி விலை கேட்டால் அவன் புது மெஷின் விலையைச் சொன்னான். மூன்றாவது தடவையும் அவன் அதையே சொன்னபோது, “உன்னை நான் மெஷினா கேட்டேன்?” என்று கத்தினேன். கடைசியில் அவன் சொன்ன மெமரி விலைக்கு நான் என் வளையலைத்தான் கழற்றியிருக்க வேண்டும்.

என்னோடு படித்த ஒருத்தி அப்போது சென்னையில் இருந்தாள். அங்கே ஒரு தெருவில், பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய மெமரி சிப்புகளைச் சுத்தம் செய்து மலிவாக விற்கிறார்கள் என்று போனில் சொன்னாள். நல்ல வேளையாக என் கணவரைப் பேங்கிலிருந்து டிரெயினிங் என்று சென்னைக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறினால் ஞாயிறு காலையில் வந்துவிடுவார், திங்களுக்குள் நான் மாட்டிவிடுவேன் என்று திட்டம் போட்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்து வைத்திருந்தேன். பலகையில் சிப் வைக்க நாலு வரிசை. நாலிலும் சின்ன அளவுச் சிப்புகள். அவற்றில் இரண்டு வரிசையைப் பிடுங்கிவிட்டுப் பெரிய அளவுச் சிப்புகளை வைத்து, பக்கத்தில் இருக்கிற ஜம்பர் என்கிற குட்டிச் செருகியை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. “மாடல் பேரைச் சொல்லி ரெண்டு வரிசைக்கு வேணும்னு சொல்லுங்கோ, கடைக்காரனுக்குத் தெரியும்” என்று அவருக்குப் பாடம் சொல்லி அனுப்பினேன். எண்ணிக்கை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நெற்றியில் புதுத் திருமண்ணோடு வந்தார். தூக்கமில்லாத கண். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கருப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்த சிப்புகளைப் பையிலிருந்து எடுத்துப் பத்திரமாக என் கையில் வைத்தார். கருப்பு உடம்பு, இரண்டு பக்கமும் எட்டெட்டுக் கால். நான் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

“என்ன, பதினாறுதான் இருக்கு?”

“பதினாறுதானே? வரிசைக்கு எட்டு.”

“வரிசைக்கு ஒன்பது.”

“எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட்டுன்னு நீதானே அந்தப் பொண்களுக்குத் தொண்டை கிழியக் கத்துவே? தினம் உன்னை அழைச்சுண்டு போக வந்து மாடிப்படியில நின்னு கேட்டுண்டிருந்தவன்தானே நான்?”

அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் என்னை இன்னும் எரியவைத்தது.

“கடைக்காரன் எத்தனை குடுத்தான்?”

“பதினெட்டு.”

“மீதி ரெண்டு?”

“அது கொசுறுடி. நான் கொசுறு ஏதாவது போடப்படாதான்னு கேட்டேன். எல்லாம் சேர்த்துத்தான் சார் குடுத்திருக்கேன்னு சிரிச்சான். ரயில்ல எண்ணிப் பார்த்தேன், ரெண்டு ஜாஸ்தி இருந்தது. நல்ல மனுஷன்னு நெனச்சுண்டேன்.”

உலகத்தில் யாராவது கம்ப்யூட்டர் சிப்புக்குக் கொசுறு கேட்பார்களா? என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி, அந்த ரெண்டு எங்கே?” என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய சட்டையின் கையை நீவிவிட்டார்.

“ஸ்டேஷன்லேர்ந்து வரச்சே ஆஞ்சநேயர் சன்னதில எறங்கிச் சேவிச்சேன். நம்ம மெஷின் நன்னா ஓடணுமே, உனக்கு அந்த வேலை கெடைக்கணுமேன்னு வேண்டிண்டேன். காணிக்கையாப் போட வேற ஒண்ணும் தோணலை. அதான் அந்த ரெண்டையும்…”

“உண்டியல்லயா போட்டேள்?”

அவர் தலையை ஆட்டினார்.

நான் என்ன பேசினேன் என்பதையெல்லாம் எழுத முடியாது. அடுத்த வீட்டு மாமி தெருவுக்கு வந்து நின்றாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

புடவையைக்கூட மாற்றாமல் சன்னதிக்கு ஓடினேன். இடுப்புயர இரும்பு உண்டியல். பூட்டைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிறவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பரிதாபமாகத்தான் கேட்டார்.

“மாமி, விழுந்தது விழுந்ததுதான். அது ஸ்வாமி சொத்தாயிடுத்து. தெறக்கறச்சே அதிகாரி வருவார், பேங்க்லேர்ந்து எண்ண வருவா, எல்லார் முன்னாலயும்தான் தெறக்கணும்.”

“எப்போ தெறப்பா?”

“ரொம்பினப்பறம்.”

உண்டியல் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே இருட்டு. ஆஞ்சநேயரைப் பார்த்தேன். வடைமாலை போட்டுக்கொண்டு கைகூப்பி நின்றார். மெமரியை வைத்துக்கொண்டு நீர் என்ன செய்யப்போகிறீர் என்று கேட்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அந்தக் கடை கிடையாது. ஆனாலும் நான் சும்மா உட்காரவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து நடந்து தென்னூர் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பழைய சிப்பைப் பிடுங்க மெல்லிய ஸ்குரூ டிரைவரை ஒரு நுனியில் கொடுத்துக் கொஞ்சம் நெம்ப வேண்டும், பிறகு மறு நுனியில் கொஞ்சம். அவசரப்பட்டால் கால் வளைந்துவிடும். எனக்கோ அவசரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு சிப்புகளுக்குக் கால் வளைந்தது. அவர் அவற்றை வாங்கி, பேனாக் கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்திக் கொடுத்தார். சென்னைச் சிப்புகளைப் பள்ளம் இருக்கிற நுனி ஒரே பக்கம் வருகிற மாதிரி வரிசையாக அழுத்தினேன். ஒவ்வொரு வரிசையின் கோடியிலும் ஒரு ஓட்டை பொக்கைப்பல்லாக நின்றது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பிடுங்கிய சின்னச் சிப்புக்கும் கால் அதே கணக்குத்தான், அதே ஓட்டையில் உட்காரும். இரண்டை எடுத்து ஒன்பதாவது இடங்களில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். திரையில் மெமரியை எண்ணத் தொடங்கியது. முன்பெல்லாம் இருநூற்று ஐம்பத்தாறில் நிற்கும். இப்போது அதைத் தாண்டியது. ஐந்நூறைத் தாண்டியது. அறுநூற்று நாற்பது என்று வந்து, எல்லாம் சரி என்றது. நான் என்னை மறந்து அவர் தோளைத் தட்டினேன்.

சிஸ்டர் விட்டுப்போயிருந்த பிளாப்பியைப் போட்டேன். புரோகிராம் பாதி ஏறியதும் திரையில் பாரிட்டி செக் என்று இரண்டு வார்த்தை வந்தது. மெஷின் கல்லாகிவிட்டது. விசையைத் தட்டினால் அசையவில்லை. அணைத்துப் போட்டேன், அதே இடத்தில் அதே இரண்டு வார்த்தை. நாலாவது தடவை போடும்போது தென்னூர் முழுக்கக் கரண்ட் போயிற்று. இருட்டாகும்வரை உட்கார்ந்திருந்தோம், வரவில்லை.

திங்கட்கிழமை கடை திறக்கிற நேரத்துக்கு எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்றேன். கடைக்காரர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சிரித்தார்.

“மேடம், ஒன்பதாவது சிப்புல உங்க டேட்டா கிடையாது, சரிபார்க்கற கணக்கு மட்டும்தான் இருக்கும். மத்த எட்டுல எழுதினது திரும்பப் படிக்கறப்ப மாறாம இருக்கான்னு பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். மாறியிருந்தா மெஷினை நிறுத்திடும். நீங்க சின்னச் சிப்பைப் போட்டீங்கல்ல? அதுக்கு அவ்வளவு கணக்கு ஞாபகம் வெச்சுக்க இடம் பத்தலை. அதான் தப்பு தப்புன்னு கத்துது.”

“ரெண்டு சிப் மட்டும் அனுப்பறேளா?”

“அந்த லாட் தீர்ந்துடுச்சு. இப்ப ஊர்லயே சரக்கு இல்லை. வந்தாலும் செட்டாத்தான் குடுப்பேன், ரெண்டை எடுத்துட்டா மீதியை யார் வாங்குவா? நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த செக்கை ஆஃப் பண்ணிடுங்க. ஒரு வரிதான், எழுதிக்கங்க. நெறைய பேர் அப்படித்தான் ஓட்டறாங்க. ஒண்ணும் ஆவாது. யாருக்கும் தெரியவும் தெரியாது.”

அந்த ஒரு வரியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு அறைக்கு ஓடினேன். அதை அடித்துவிட்டுப் பிளாப்பியைப் போட்டேன். புரோகிராம் முழுசாக ஏறி, கல்லூரியின் பெயரோடு மெனு வந்தது. இத்தனை நாள் அலைச்சலுக்குப் பிறகு அது வந்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கத்துகிறவன் வாயைப் பொத்திவிட்டு வேலை செய்வதாகத்தான் பட்டது.

மத்தியானம் சிஸ்டர் வந்தார். அண்ணாவும் வந்து ஜன்னலோரம் நின்றார். என் கணவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வகுப்பின் மார்க்கைப் போட்டுக் காட்டினேன். கூட்டியது, வரிசைப்படுத்தியது, பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே லிஸ்டைக் கக்கியது. சிஸ்டர் அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. அண்ணாகூடத் தலையை ஆட்டினார்.

“நல்லா இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க ஆபீஸ்ல மார்க் லிஸ்ட் எழுதினா ரெண்டு பேர் உக்காருவாங்க. ஒருத்தர் படிப்பாங்க, ஒருத்தர் சரி பார்ப்பாங்க. உங்க மெஷின்ல அதை யாரு பார்க்கறது?”

மெஷினே பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை, மற்ற மெஷினெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. என் உள்ளங்கையில் பேனா எழுத்து வியர்வையில் கசிந்திருந்தது. மார்க் என்பது யாரோ ஒரு பெண்ணின் வருஷம்.

“அதுக்குன்னு ஒரு சிப் இருக்கு சிஸ்டர். என் மெஷின்ல அது இல்லை. நான் அந்தச் சோதனையை நிறுத்தித்தான் ஓட்டறேன்” என்றேன்.

ஜன்னலோரம் அண்ணா செருமினார்.

“ஏன் இல்லை? வாங்கலையா?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, ஸ்கூல் பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, “நான்தான் சிஸ்டர், கொசுறுன்னு நெனச்சு கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்” என்றார்.

சிஸ்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “காணிக்கைப் பெட்டியில விழுந்ததை எடுக்க முடியாதுங்க. எங்க கோயில்லயும் அப்படித்தான்” என்றார். சிறிது நேரம் லிஸ்டை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, அந்தச் சிப் பார்க்கற வேலையை ஒரு மனுஷன் பார்க்கட்டும். ஒவ்வொரு லிஸ்டையும் திரையில இருக்கறபடி ஒருத்தர் படிக்கணும், மூலத்தை வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் பார்க்கணும். சம்மதம்னா வேலை உங்களுக்கு. யாரு உக்காருவீங்க?” என்றார்.

“போட்டவரே உக்காரட்டும்” என்றேன்.

சிஸ்டர் போன பிறகு அண்ணா தன் பங்குக்கு ஒரு தடவை சொன்னார். “நடத்து. ஆனா ஒரு மார்க் தப்பாப் போய்ப் புகார் வந்துதுன்னா, அன்னிக்கே சாவியைக் குடுத்துடணும்.”

அன்றிலிருந்து என் கணவரின் சாயங்காலம் என் அறைக்கு எழுதிக்கொடுத்ததாயிற்று. பேங்கிலிருந்து நேரே வருவார். நான் திரையைப் பார்த்துப் படிப்பேன். அவர் கல்லூரி அனுப்பிய மார்க் ஷீட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் “ஆச்சு” என்பார். எனக்கு வேகமாகப் படிக்க வேண்டும். அவருக்கு வேகம் என்பதே கிடையாது. முசிறியிலிருந்து வருகிற பெண்ணின் இனிஷியல்கூடச் சரியாக இருக்கிறதா என்று நின்று பார்ப்பார். “மார்க்கை மட்டும் பாருங்கோ” என்று கத்துவேன். “ஆச்சு” என்பார். பாசுரம் சேவிக்கிற நிதானத்தில் அவர் ஆச்சு, ஆச்சு என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கனவில்கூட அந்த வார்த்தை வந்தது. இரண்டு சிப் இருந்திருந்தால் கண் இமைக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

வருஷக் கடைசி மார்க் வருகிற சமயம். ஒரு நாள் பேங்கிலிருந்து தாமதமாக வந்தார். சட்டையெல்லாம் சில்லறை வாடை. அவரே ஆரம்பித்தார்.

“இன்னிக்கு உண்டியல் எண்ண எங்க பிராஞ்சிலேர்ந்து என்னைத்தான் அனுப்பினா. ஆஞ்சநேயர் சன்னதி.”

நான் நாற்காலியைத் திருப்பினேன்.

“இருந்துதா?”

“இருந்தது. ரெண்டும். ஒண்ணோட கால்ல ஒரு குங்குமப் பொட்டலம் மாட்டிண்டிருந்தது. அதிகாரி எடுத்துப் பார்த்துட்டு இது என்ன பூச்சியான்னு கேட்டார். இல்லை சார், கம்ப்யூட்டர் சிப்புன்னு சொன்னேன். இதர பொருள்னு தனியா எடுத்து வெச்சுட்டார்.”

“உங்களோடதுன்னு சொன்னேளா?”

“போட்டப்பறம் எப்படி என்னோடதாகும்?”

“கேட்டிருக்கலாமே. கண்ணால பார்த்தேளே. பக்கத்துல உக்காந்திருந்தேளே. இத்தனை மாசமா நான் படற அவஸ்தையைப் பார்த்துண்டுதானே இருக்கேள்?”

“எண்ண வந்த எடத்துல எடுக்கப்படாதுடி” என்றார். குரலை உயர்த்தவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்கேலை மேஜையில் அடித்தேன், அது இரண்டாக உடைந்தது. நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மறுநாள் காலையில் அந்த லிஸ்ட் கல்லூரிக்குப் போயாக வேண்டும். அவர் ஒன்றும் நடக்காததைப் போல மார்க் ஷீட்டை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு படபடவென்று படித்தேன். அவர் விரல் அதன் வேகத்திலேயே நகர்ந்தது. ஆச்சு, ஆச்சு என்று வந்துகொண்டே இருந்தது.

“பதினெட்டு” என்றேன்.

ஆச்சு வரவில்லை.

“நிறுத்து” என்றார்.

“என்ன இப்போ? பதினெட்டுதான். நான் அடிச்சப்போ ஒண்ணொண்ணா பார்த்துத்தான் அடிச்சேன்.”

“இல்லை. அம்பத்தெட்டு. நீயே பாரு.”

ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். உப்பிலியபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பெண். ஐம்பத்தெட்டு என்று சிவப்பு மையில் தெளிவாக இருந்தது. திரையில் பதினெட்டு. பாஸ் செய்த பெண்ணை என் மெஷின் ஃபெயில் என்று அச்சடிக்க இருந்தது.

அது என் விரல் செய்த தப்பா, மெஷின் செய்த தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்து என்ற எழுத்துக்கும் ஒன்று என்ற எழுத்துக்கும் மெஷினுக்குள் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். அந்த ஒன்று தானாக மாறினால் பிடிப்பதற்குத்தான் ஒன்பதாவது சிப்பை வைக்கிறார்கள்.

பதினெட்டை அழித்து ஐம்பத்தெட்டு என்று அடித்தேன். என் கோபம் போகவில்லை. உடைந்த ஸ்கேல் மேஜை மேல் அப்படியே கிடந்தது. ஆனால் அடுத்த பெயரைப் படித்துவிட்டு, அவர் விரல் அந்த வரிக்கு வந்து ஆச்சு என்று சொல்லும்வரை காத்திருந்தேன்.